காயத்துக்கு யார் சாட்சி?

2020 ஜனவரி 8 அதிகாலை, ஈராக்கிலுள்ள அல் அசாத் விமானத்தளத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. ஐந்து நாட்களுக்கு முன் பாக்தாதில் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்றதற்கான பதிலடி அது. தளத்தில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தது. பலர் பதுங்குமிடங்களுக்குப் போய்விட்டார்கள். யாரும் சாகவில்லை. அமெரிக்கர் ஒருவருக்கும் பாதிப்பு இல்லை என்று அதிபர் டிரம்ப் அன்றே தொலைக்காட்சியில் அறிவித்தார்.

பிறகு எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. முதலில் 11 பேர். அப்புறம் 34, 50, 64. பிப்ரவரியில் 109. எல்லோருக்கும் ஒரே காயம்: வெடியதிர்வால் வந்த மூளைக்காயம். ஜனவரி 22 அன்று டாவோஸில் செய்தியாளர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, அவர்களுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டதாகவும், தான் பார்த்த மற்ற காயங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய விஷயம் இல்லை என்றும் அதிபர் சொன்னார். கைகால் இழந்தவர்களைத் தான் பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

அவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தப் பதிலில் இருக்கும் தர்க்கம் அவருடையது மட்டும் இல்லை, நம் எல்லோருடையதும்தான். கால் போனவரைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிறோம். தலை வலிக்கிறது என்பவரிடம் ஒரு காபி குடித்துப் பார் என்கிறோம். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சரி, தனக்கு வராதவன் என்ன செய்யவேண்டும்? பழமொழி அதைச் சொல்வதில்லை. இன்னொருவரின் காயத்தை என்னால் பார்க்க முடியாது, அளக்க முடியாது, அவர் சொல் மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்? வெடியதிர்வு மூளைக்காயத்தின் நூறு வருட வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது.

*

முதலில் காயத்தைப் புரிந்துகொள்வோம். உயர்வெடிமருந்து வெடிக்கும்போது சுற்றியிருக்கும் காற்று சட்டென்று இறுகி, ஒலியைவிட வேகமான ஓர் அழுத்தச் சுவராகக் கிளம்புகிறது. ஒரு மனிதனைக் கடந்துபோக அதற்குச் சில மில்லிவினாடிகள் போதும். தலைக்கவசம் தோட்டாக்களையும் சில்லுகளையும் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. இந்த அழுத்தமோ முகத்தின் வழியாகவும் கவசத்துக்கு அடியிலும் புகுந்துவிடும். மூளை ஒரே மாதிரியான பொருளும் அல்ல. நீர்மம், ரத்தக்குழாய்கள், சாம்பல்நிறப் பகுதி, வெண்ணிறப் பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடர்த்தி. அலை கடக்கும்போது இவை ஒன்றுபோல அசைவதில்லை. அந்த எல்லைகளில்தான் சேதம் விழுகிறது என்று கருதப்படுகிறது. மண்டையோட்டில் கீறல்கூட இருக்காது.

அதன்பின் வருவது என்ன? தலைவலி, தூக்கமின்மை, காதில் ஓயாத இரைச்சல், தடுமாற்றம். மறதி. எதற்கெடுத்தாலும் வரும் கோபம். எதிலும் பிடிப்பில்லாமை. வழக்கமான எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பாதிக்கு மேல் நாம் குணம் என்று சொல்பவை. மறப்பவனைப் பொறுப்பில்லாதவன் என்கிறோம். கத்துபவனை முரடன் என்கிறோம். காலையில் எழ முடியாதவன் சோம்பேறி. கால் போனவரை யாரும் கெட்டவர் என்று சொல்வதில்லை. இந்தக் காயமோ மனிதனின் நடத்தைக்குள் ஒளிந்துகொள்கிறது. பார்ப்பவர்களுக்குக் காயம் தெரியாது, ஆள் மாறிவிட்டது மட்டும் தெரியும். சில சமயம் அவருக்கே தெரியாது. மனைவிக்குத்தான் முதலில் தெரியும், அவர் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை.

*

1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் 'லான்செட்' இதழில் மூன்று வீரர்களைப் பற்றி எழுதினார். எறிகணைகள் பக்கத்தில் வெடித்தபின் அவர்களுக்குப் பார்வை, நினைவு, மணம், சுவை எல்லாம் பாதிக்கப்பட்டிருந்தன. 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ இதழில் ஏறியது அங்கேதான். அடுத்த ஆண்டுகளில் பிரடெரிக் மாட் என்ற நோய்க்கூறியலாளர் இறந்த வீரர்களின் மூளைகளை வெட்டிப் பார்த்து, நுண்ணிய ரத்தக்கசிவுகள் இருப்பதைப் பதிவு செய்தார். ஆக, இது உடலின் காயமா மனதின் காயமா என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது.

ராணுவம் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அது நிர்வாகத்துக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்தது: ஓர் எழுத்து. எதிரியின் எறிகணை வெடித்ததால் வந்தது என்றால் 'டபிள்யூ', அதாவது காயம்பட்டவர். சீருடையில் காயப்பட்டை அணியலாம், ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. அப்படி ஒரு வெடிப்பு இல்லாமல் உடைந்துபோனவர் என்றால் 'எஸ்', வெறும் நோயாளி. பட்டையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. 1917ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மருத்துவர்கள் ஷெல் ஷாக் என்று எழுதவே கூடாது. 'இன்னும் முடிவுசெய்யப்படாத நரம்புக்கோளாறு' என்று எழுதவேண்டும். வெடிப்பு நடந்ததை அந்த வீரரின் மேலதிகாரி படிவத்தில் உறுதிசெய்தால்தான் மேற்கொண்டு பேச்சு. நோயறிதல் மருத்துவரின் கையிலிருந்து காகிதத்தின் கைக்குப் போனது.

காகிதம் இல்லாதவர்களுக்கு என்ன ஆனது? ஹாரி பார் என்ற வீரர் 1915ல் ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தவர். 1916 செப்டம்பரில் முன்னணிக்குப் போக முடியாது என்று நின்றுவிட்டார். ராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட ஆளில்லை. கோழைத்தனம் என்று தீர்ப்பாகி, அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 25. முதல் உலகப்போரில் இப்படிக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களுக்கு 2006ல் நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. அந்த 306 பேருக்கும் மூளைக்காயம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று இனிமேல் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் விஷயம். சந்தேகம் வந்த இடத்தில் அதன் விலையை யார் கொடுப்பது என்று அன்று முடிவு செய்தார்கள். சந்தேகப்படப்பட்டவரே கொடுத்தார்.

*

இந்த இடத்தில் விஞ்ஞானத்தின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2000த்திலிருந்து அமெரிக்க ராணுவத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு மூளைக்காயம் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலானவை லேசானவை என்ற வகையில் வருபவை. வாகன விபத்து, விளையாட்டு, பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். லேசான அதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில் சரியாகிவிடுகிறார்கள். 2008ல் சார்லஸ் ஹோஜும் அவரது சகாக்களும் ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 வீரர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை முக்கியமானது. போருக்குப் பிந்தைய மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், தலைவலியைத் தவிர மற்ற உடல் தொந்தரவுகளுக்கும் லேசான மூளைக்காயத்துக்கும் உள்ள தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றது அது. உன் மூளை சிதைந்துவிட்டது என்று ஒருவரிடம் சொல்வதே அவரை நோயாளியாக்கிவிடும் என்று அஞ்சும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் நேர்மையானது.

மறுபக்கம், 2016ல் டேனியல் பெர்லின் குழு எட்டு வீரர்களின் மூளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. வெடிப்புகளுக்கு ஆளாகிப் பல காலம் வாழ்ந்தவர்கள் ஐந்து பேர், வெடிப்புக்குப்பின் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்தவர்கள் மூன்று பேர். சாம்பல்நிறப் பகுதியும் வெண்ணிறப் பகுதியும் சந்திக்கும் எல்லையில், ரத்தக்குழாய்களைச் சுற்றி, மூளையின் மேற்பரப்பில் என்று அலை தடுமாறக்கூடிய அதே எல்லைகளில் தழும்புகள் இருந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட, தலையில் அடிபட்ட சாதாரண மக்களின் மூளைகளில் அந்த அமைப்பு இல்லை. எட்டு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஒன்று உறுதியானது: எம்ஆர்ஐ ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. அந்தத் தழும்புகளை இன்றைக்கும் உயிருள்ளவரிடம் தெளிவாகப் பார்க்க முடியாது. மாட் செய்ததைப் போல இறந்தபின் வெட்டித்தான் பார்க்கவேண்டும்.

ஆக, இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்று ஆய்வாளரின் சந்தேகம்: எட்டு மூளைகளை வைத்து முடிவுக்கு வரமுடியாது, இன்னும் தேடவேண்டும். இந்தச் சந்தேகம் ஆளை வேலை செய்ய வைக்கிறது. இன்னொன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் சந்தேகம்: நிரூபணம் இல்லை, கோப்பை மூடு. இரண்டும் ஒரே சொற்களில் பேசுவதால் நாம் குழம்பிவிடுகிறோம். "இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்பது ஆய்வகத்தில் ஒரு தொடக்கம். அலுவலகத்தில் அதுவே தீர்ப்பு.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்வார். நம் கணினியில் ஓட்டிப் பார்த்தால் பிழை வராது. 'மீண்டும் நிகழ்த்த முடியவில்லை' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். அந்த வாக்கியம் உண்மையில் எங்களைப் பற்றியது. எங்களிடம் இருக்கும் கருவிகளால் பார்க்க முடியவில்லை என்கிறது, அவ்வளவுதான். ஆனால் எழுதி முடித்ததும் அது வாடிக்கையாளரைப் பற்றிய வாக்கியமாகிவிடும். நல்ல பொறியாளர் அந்த இடத்தில் வேறொரு கேள்வி கேட்பார்: பிழை நடந்தபோது நாம் எதையாவது பதிவு செய்தோமா?

*

செய்தார்களா? 2010களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்த ஆயிரக்கணக்கான வீரர்களுக்குச் சின்னஞ்சிறு அழுத்தமானிகள் கொடுக்கப்பட்டன. தலையில், தோளில், மார்பில் என்று மூன்று. வெடிப்பு நடந்தால் அதன் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும். சில வருடங்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வந்த எண்கள் சீராக இல்லை, அவற்றை வைத்து யாருக்குக் காயம் என்று சொல்ல முடியவில்லை என்பது காரணம். எண்களுக்கு அர்த்தம் தெரியவில்லை என்பதற்காக எண்களைக் குறிப்பதையே நிறுத்திவிட்டால், அர்த்தம் எப்போது தெரியவரும்?

இதைவிட என்னை உறுத்துவது பீரங்கிக் குழாய். 2017ல் சிரியாவின் ரக்கா நகரில் ஐஎஸ் அமைப்புக்கு எதிராக ஒரே ஒரு அமெரிக்கப் பீரங்கிப் பட்டாலியன் ஐந்து மாதங்களில் 35,000 குண்டுகளைச் சுட்டது என்று ராணுவத்தின் மூத்த அதிகாரி ஒருவரே சொன்னார். இரண்டு பீரங்கிகளின் குழாய்கள் எரிந்தே போயின. குழாய் தேயும், அதனால் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு பதிவேடு உண்டு. எத்தனை குண்டு, எவ்வளவு மருந்து, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அதில் கணக்கு இருக்கும். வரம்பு தாண்டினால் குழாயை மாற்றுவார்கள். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று சுட்ட மனிதனுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. ஊர் திரும்பியபின் அவர்களில் சிலருக்குத் தூக்கம் போனது, பிரமைகள் வந்தன, சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். நியூயார்க் டைம்ஸ் 2023ல் விரிவாக எழுதும்வரை இது பெரிதாக வெளியே தெரியவில்லை. உலோகம் களைப்படையும் என்று நம்பியவர்களுக்கு மூளை களைப்படையும் என்று தோன்றவில்லை.

இங்கே அந்தப் பழைய எழுத்து திரும்ப வருகிறது. எதிரியால் காயம்பட்டவர்களுக்குத் தரும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் மூளைக்காயத்துக்கும் உண்டு. அல் அசாத்தில் முதலில் 29 பேருக்குக் கொடுத்தார்கள். ஊடகங்கள் கேள்வி கேட்டபின் 2021ல் மேலும் 39 பேருக்கு ஒப்புதல் வந்தது. ஆனால் சொந்தப் பீரங்கியின் அதிர்வு, தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்டாபின் அதிர்வு, கதவுகளை வெடிவைத்துத் தகர்க்கும் பயிற்சி, இவை எதற்கும் அந்தப் பதக்கம் இல்லை. பதக்கத்தை விடுங்கள், இழப்பீட்டுச் சட்டத்திலேயே அந்த வேறுபாடு இருக்கிறது. போர்க்களத்தில் நடந்ததாக வீரர் சொன்னால், பதிவு இல்லாவிட்டாலும், சூழலோடு பொருந்தினால் அவர் சொல்லை ஏற்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. பயிற்சிக்களத்தில் நடந்ததற்கு அந்தச் சலுகை இல்லை. மூளைக்கு இது எப்படித் தெரியும்? அலை யார் வெடித்ததிலிருந்து வருகிறது என்று பார்த்தா அது கிழிகிறது? கௌரவத்துக்கு எதிரி தேவைப்படலாம். சிகிச்சைக்கு எதற்கு எதிரி?

*

சரி, எல்லோரையும் நம்பிவிடலாமா? பொய் சொல்பவர்கள் இருப்பார்களே? இருப்பார்கள். எந்தச் சோதனையும் இரண்டு விதமாகத் தவறும். காயமில்லாதவரைக் காயம்பட்டவர் என்று சொல்லிவிடலாம். காயம்பட்டவரை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடலாம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். எங்கே கோடு போடுவது என்பது கணக்கு சொல்லித்தரும் விஷயம் இல்லை, எந்தத் தவறோடு நம்மால் வாழ முடியும் என்ற கேள்வி அது. முதல் தவறில் அரசுக்குக் கொஞ்சம் பணம் போகும். இரண்டாவதில் ஒரு குடும்பம் போகும். இரண்டையும் ஒரே எடையாக வைத்துவிட்டு நடுநிலை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. சான்றுகள் இரு பக்கமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. 1991ல் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் வந்தது: வியட்நாமில் இருந்தவருக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால், அந்த ரசாயனம்தான் காரணம் என்று அவர் தனியாக நிரூபிக்கவேண்டாம். 2022ன் பாக்ட் சட்டம் குப்பை எரிகுழிகளின் புகைக்கு அதையே செய்தது. போர் முடிந்து 16 ஆண்டுகள் கழித்து வந்தது முதலாவது; அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள். வழி தெரியாமல் தாமதம் ஆகவில்லை. நிரூபணத்தின் சுமையை யார் தலையில் வைப்பது என்று முடிவெடுக்கத்தான் அவ்வளவு காலம்.

மாற்றங்கள் வராமலும் இல்லை. 2018ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் பயிற்சியிலும் போரிலும் படும் வெடியழுத்தத்தை நீண்டகால நோக்கில் ஆராயச் சொன்னது. 2024ல் உயிரோடிருக்கும் 30 சிறப்புப் படையினரை ஆராய்ந்த குழு, வெடிப்புக்கு அதிகம் ஆளானவர்களின் முன்மூளையின் ஒரு பகுதியில் மாற்றங்கள் இருப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் பென்டகன் ஓர் அளவைக் குறித்தது: சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போனால் பாதுகாப்பு நடவடிக்கை வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிதிறன் சோதனை வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒருவர் எவ்வளவு இழந்தார் என்று தெரியவேண்டுமென்றால் முன்பு எவ்வளவு இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கவேண்டுமே.

நம்புவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2023 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் ஒருவர் 18 பேரைச் சுட்டுக் கொன்றார். ராணுவ ரிசர்வில் கையெறிகுண்டுப் பயிற்சி அளித்தவர் அவர். அவர் மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு வெண்ணிறப் பகுதியில் கணிசமான சேதத்தைக் கண்டது. அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், அறிகுறிகளில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றும் சொன்னது. இந்தச் செய்தியைப் படித்தவுடன் நம் மனம் ஒன்று கொலைகாரனை மன்னிக்கக் கிளம்பும், இல்லையென்றால் எல்லா முன்னாள் வீரர்களையும் கண்டு அஞ்சக் கிளம்பும். இரண்டுமே தப்பு. காரணத்தை விளக்குவது விடுதலை செய்வது ஆகாது. மூளைக்காயம் பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை, தங்களுக்குள்ளேயே நொறுங்குகிறார்கள். காயத்தை நம்புவதற்கு அந்த மனிதர் நல்லவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை வைத்தால், அது கோழைத்தனம் என்று தீர்ப்பு எழுதிய மேஜைக்கே நம்மைத் திரும்பக் கொண்டுபோய்விடும்.

ஒரு தமிழ் வாசகர் இந்நேரம் கேட்டிருப்பார்: அந்த 35,000 குண்டுகள் போய் விழுந்த இடத்தில் இருந்தவர்களின் மூளை? நியாயமான கேள்வி. சுட்டவருக்கே பதிவேடு இல்லாத இடத்தில் ரக்காவின் குழந்தைக்கு என்ன பதிவேடு இருக்கும்? 2009ல் வன்னியில் மாதக்கணக்கில் எறிகணைகளுக்கு நடுவே பதுங்குகுழிகளில் கிடந்து மீண்டவர்களை நினைக்காமல் என்னால் இந்தத் தாள்களைப் படிக்க முடியவில்லை. அவர்களுடைய மறதியையும் கோபத்தையும் தூக்கமின்மையையும் துயரம் என்று மட்டுமே பேசியிருக்கிறோம். அதில் எவ்வளவு காயம் என்று யாரும் பார்த்ததில்லை. அதனால் வீரர்களுக்கான ஆராய்ச்சி வேண்டாம் என்று ஆகாது. வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதே ஒருவரைக் கவனிக்கப் போதுமான காரணம் என்ற விதியை எங்கேயாவது ஓரிடத்தில் நிறுவினால்தான் அதைப் பிறகு மற்றவர்களுக்கும் கேட்க முடியும்.

பெர்லின் ஆய்வகம் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதஸ்டாவில் இருக்கிறது. அங்கே படைவீரர்களின் மூளைகளுக்கென்றே ஒரு சேகரிப்பு உண்டு. இறந்தவர்களின் குடும்பங்கள் சம்மதித்துக் கொடுத்தவை அவை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டுச் சலித்த ஒருவரின் மனைவியோ தாயோ அந்தப் படிவத்தில் கையெழுத்திடும்போது, தனக்கு இனி எந்தச் சிகிச்சையும் பயன்படாது என்று தெரிந்தேதான் இடுகிறார். பல மாதங்கள் கழித்து முடிவு வரும்: ஆமாம், தழும்புகள் இருந்தன. அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கடிதம் ஆய்வுக்கு உதவும், அடுத்தவருக்கு உதவும். அந்த வீட்டில் அதைப் படித்துக் காட்டவேண்டிய ஆள் மட்டும் இருக்கமாட்டார்.